பிளை ஏழு

பாதிப் பேச்சுல எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால உக்காருற என் பிடிவாதக்கார வீட்டுக்காரருக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேக்கப் போறதில்லை. இருந்தப்பவே அந்தக் கேள்விக்கு ஒரு "ம்" தான் பதிலா வரும். நீங்க போய் மூணு வருஷம் ஆகுது. நானும் யாழினியும் மல்காஜ்கிரியில அதே வீட்டுலதான் இருக்கோம். அவ ஆறாவது போயிட்டா. நான் தமிழ்ல கேட்டா தெலுங்குல பதில் சொல்றா. திட்டினா இங்கிலீஷ்ல எதுத்துப் பேசுறா. உங்க மூக்கு, உங்க பிடிவாதம்.

பாசத்துல எழுத உக்காந்தேன்னு நினைச்சுக்காதீங்க. எரிச்சல்ல உக்காந்திருக்கேன். நீங்க முடிக்காம விட்டுட்டுப் போன சண்டை ஒண்ணு என் மடியில வந்து விழுந்திருக்கு. உங்க சிநேகிதர் ஃபரீத் இந்தக் கடிதத்தை உங்க புரோகிராம் குரூப்பு ஆளுங்க படிக்கிற இன்டர்நெட் பக்கத்துல போடணும்னு கேட்டார். போடட்டும். உங்களோட நான் போட்ட சண்டை எதுவும் மூணாவது வீட்டுக்குக் கேக்காம இருந்ததில்லையே.

அதனால உங்களுக்குத் தெரிஞ்சதையே மத்தவங்களுக்காக ஒருதரம் சொல்லிடுறேன், பொறுத்துக்கங்க. என் வீட்டுக்காரர் பால்பாண்டி, விருதுநகர்க்காரர். Y2K பயம் முடிஞ்ச கையோட மாதாப்பூர்ல ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்தார். வாரம் பூரா ஏதோ அமெரிக்க பேங்குக்கு புரோகிராம் எழுதுவார். ஞாயித்துக்கிழமை ஊருக்கு எழுதுவார். தெலுங்கு, தமிழ் எழுத்தையெல்லாம் மலிவான சின்னப் பிரின்டர்லயும் ஒழுங்கா அச்சடிக்க வைக்கிற புரோகிராம் அது. எழுதி இன்டர்நெட்ல வச்சுட்டார், யார் வேணா எடுத்துக்கங்கன்னு. எடுத்து மாத்தலாம், விக்கவும் செய்யலாம். ஆனா எழுதினவர் பேரை அழிக்கக் கூடாது. யாருக்குக் கொடுக்கிறீங்களோ அவங்களுக்கு அதோட சோர்ஸையும், அதாவது மனுஷன் படிச்சுத் திருத்துற மாதிரி எழுதின மூலத்தையும், கொடுத்துடணும். இதுதான் லைசென்ஸ்.

இதுல என்ன இருக்கு, எவன் எடுத்தா என்ன, உங்களுக்கு என்ன வந்ததுன்னு எத்தனை ஞாயித்துக்கிழமை கேட்டிருப்பேன். சோர்ஸ் கொடுக்காம பெட்டிக்குள்ள பூட்டி வித்தவங்களைத் தேடித் தேடிக் கண்டுபிடிப்பீங்க. கண்டுபிடிச்சு ஒரு மெயில் எழுதுவீங்க. "என் புரோகிராம் உங்களுக்குப் பயன்பட்டதில் மகிழ்ச்சி"ன்னு ஆரம்பிக்கும் அது. திருடினவனுக்கு வாழ்த்து மடலான்னு நான் கேப்பேன். அவன் தெரியாம செஞ்சிருக்கலாம் பகவதி, முதல்ல மரியாதையா சொல்லணும்னு சொல்வீங்க. நாலு மெயிலுக்கு ஒரு பதில் வந்தா அதிசயம். மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாங்கன்னு நான் கொடுத்த பை கதவுல மாட்டினபடியே தொங்கும். எனக்கு அந்த மெயில்களைக் கண்டாலே ஆகாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த வார்த்தை ஞாபகம் இருக்கா?

நான் சமையல்கட்டுல இருந்தேன். நீங்க வந்து நின்னு, எரருக்குத் தமிழ்ல என்னன்னு கேட்டீங்க. என்னங்க திடீர்னு தமிழ்ப் பற்றுன்னு கேட்டேன். பற்றெல்லாம் இல்லை, எரர்னு தேடினா ஆயிரம் இடத்துல வரும், நம்ம வார்த்தையா வச்சா நம்மளது மட்டும் வரும்னு சொன்னீங்க. பிழைன்னு சொன்னேன். தலையாட்டிட்டுப் போனீங்க. பத்து நிமிஷம் கழிச்சு காப்பி கொண்டு வந்து வச்சா, ஸ்க்ரீன் பூரா p-i-l-a-i. பிளை.

நாகர்கோவில்காரி நான், எங்க ஊர்ல தெருவுல பழம் விக்கிற ஆளுக்கும் ழ வரும். உங்களுக்கு பழம் பளம்தான், மழை மளைதான். பொண்ணுக்கு வேணும்னுதான் யாழினின்னு பேர் வச்சேன், நீங்க ஒரு நாளும் யாளினியைத் தாண்டலை. இந்த ஊர் டீச்சருங்க zh-ஐப் பார்த்துட்டு யாஜினிங்கிறாங்க, அது வேற கூத்து. அன்னைக்கு உங்களை விடலை. உலகமே பாக்கப்போற இடத்துல பிழைங்கிற வார்த்தையையே பிழையா எழுதி வைக்கிறீங்களே, வெக்கமா இல்லையான்னு கேட்டேன். ழ இல்லாத ஊர்ல பிறந்தது என் குத்தமாடின்னு முனகிட்டே அத்தனையையும் pizhai-ன்னு மாத்தினீங்க. எல்லாத்தையும் மாத்தியாச்சு போதுமான்னு கேட்டீங்க. நானும் நம்பிட்டேன்.

நீங்க போனப்புறம் நான் அந்தப் பக்கமே போகலை. உங்க கம்ப்யூட்டர் மேல துணி போட்டு மூடி வச்சேன். காலையில பஸ் பிடிச்சு போலாரம் போறது, ஆஸ்பத்திரி மருந்து கவுண்டர்ல நிக்கிறது, சாயங்காலம் திரும்பறது. அதே தர்ம ஆஸ்பத்திரிதான், அதே கூட்டம்தான். கூலி வேலைக்காரங்க, ரிட்டயர்டு சிப்பாய்ங்க, வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்க. பாதிப் பேருக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும்.

அதுக்காகத்தான் போன வருஷம் எங்களுக்குச் சின்னச் சின்ன மெஷினா நாலு வாங்கிக் கொடுத்தாங்க. நாச்சாரத்துல ஒரு கம்பெனி செய்யுறது. மாத்திரை எப்ப, எத்தனை சாப்பிடணும்னு தெலுங்குலயே சீட்டு அடிச்சுக் கொடுக்கும். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கையால எழுதி எழுதி விரல் காய்ச்சுப் போச்சு எனக்கு.

எங்ககிட்ட யாதய்யான்னு ஒரு கொத்தனார் வருவார். சுகர். கால்ல ஒரு புண்ணு. டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதியும் சுகர் இறங்கவே இல்லை. டாக்டர் அவரைத் திட்டினார், ஸ்வீட் தின்னுட்டுப் பொய் சொல்றியான்னு. சும்மா இருந்திருக்கலாம், நானும் சேர்ந்து திட்டினேன். டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரைன்னு கவுண்டர்ல நாலு பேர் முன்னாடி கேட்டேன். அவர் தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னார். கடைசியில ஒரு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

விரல் எடுத்துக் கட்டுப் போட்ட காலோட வந்தப்ப, ஒரு பிளாஸ்டிக் பையில இருந்து பழைய சீட்டு அத்தனையையும் எடுத்துக் கவுண்டர்ல பரப்பினார். சீட்டுல என்ன இருக்கோ அதைத்தானேம்மா சாப்பிட்டேன், நீங்களே பாருங்கன்னார். பார்த்தேன். டாக்டர் எழுதினது ஒன்றரை. தெலுங்குல ஒகட்டின்னர. சீட்டுல இருந்தது ஒகட்டி. ஒண்ணு.

மருந்துப் பேர் நீளமா இருந்தா வரியில இடம் பத்தாது. மிச்ச எழுத்து அடுத்த வரிக்குப் போகாம அப்படியே விழுந்துடும். பாதி எழுத்து நின்னா யாருக்காவது சந்தேகம் வரும். ஒகட்டின்னரவுல வாலை வெட்டினா ஒகட்டின்னு ஒரு முழு வார்த்தை நிக்குதே, யாருக்குச் சந்தேகம் வரும்? மாசக் கணக்கா அந்த மனுஷன் ஒண்ணரைக்குப் பதிலா ஒண்ணு சாப்பிட்டிருக்கார். கொடுத்தது இந்தக் கை.

கம்பெனிக்கு போன் போட்டோம். அடுத்த மாடல்ல சரி பண்றோம், அதுக்குப் புது ஆர்டர் கொடுங்கன்னாங்க. நீங்க திருத்த வேண்டாம், நாங்களே ஆள் வச்சுத் திருத்திக்கிறோம்னு எங்க சூப்பரின்டென்டென்ட் கேட்டார். அது உள்ள பூட்டி இருக்கு சார், திறக்க முடியாதுன்னாங்க. அன்னையிலேர்ந்து ஒவ்வொரு சீட்டுக்குக் கீழயும் நான் பேனாவால திருப்பி எழுதிக்கிட்டிருந்தேன். மெஷின் எதுக்கு, பேனா எதுக்கு, நான் எதுக்குன்னு தோணும்.

மே மாசம். கரண்ட் போய் ஃபேன் நின்னு, கவுண்டர் கொதிச்சுது. பேட்டரியில ஓடிக்கிட்டிருந்த மெஷின் சூடாகி நடுவுல நின்னுபோச்சு. கொஞ்ச நேரம் ஆற விட்டேன். திரும்ப ஓட ஆரம்பிச்சதும் முதல் வேலையா ஒரு துண்டுத் தாளைத் துப்புச்சு. அதுல இங்கிலீஷ் எழுத்துல PILAI 7 னு இருந்துது.

பக்கத்துல நின்ன தெலுங்குப் பொண்ணு எட்டிப் பார்த்து, யாரு மேடம் இந்தப் பிள்ளைன்னு கேட்டா. மருந்து அட்டைப்பெட்டி மேல உக்காந்துட்டேன். அவ பயந்துபோய் தண்ணி கொண்டு வந்தா. நான் அழுதது துக்கத்துலன்னு அவ நினைச்சிருப்பா. பாதி துக்கம். மீதி, எல்லாத்தையும் மாத்தியாச்சுன்னு சொன்னீங்களே, பாவி மனுஷாங்கிற ஆத்திரம்.

ஃபரீத்துக்கு போன் பண்ணினேன். உங்களோட வேலை பார்த்த அதே ஃபரீத். என்னை இன்னும் பாபின்னுதான், அதாவது அண்ணின்னு, கூப்பிடுறார். ஒரு ஞாயித்துக்கிழமை பூரா அந்த மெஷினை வீட்டுல வச்சு, உள்ள இருக்கறதையும் உங்க சோர்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தார். பூட்டினதைத் திருத்தத்தான் முடியாதாம், எட்டிப் பார்க்க முடியுமாம். எல்லாம் உங்களோடதுதான். உங்க பேரை எடுத்திருக்காங்க. pizhai-ன்னு வந்த இடத்தையெல்லாம் தேடி ERR-னு மாத்தியிருக்காங்க. ஏழாவது பிழை மட்டும் அவங்க தேடினதுல சிக்கலை. சூட்டைக் கவனிக்கிற அந்தப் பகுதியை நான் திட்டினதுக்கு அப்புறம் புதுசா எழுதியிருக்கீங்க. உங்க வாய் சொல்ற மாதிரியே கை அடிச்சிருக்கு. பிளை. நீங்க ஒழுங்கா எழுதியிருந்தா அந்த மெஷின் உங்களோடதுன்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும். உங்களைத் திட்டவா, கும்பிடவா, சொல்லுங்க.

அதுக்கு அடுத்து ஃபரீத் சொன்னது இன்னும் மோசம். வார்த்தை வெட்டுப்படுறது கம்பெனிக்காரன் செஞ்ச தப்பு இல்லையாம். உங்க தப்பாம். நீங்க அகலத் தாளை நினைச்சு எழுதியிருக்கீங்க. குறுகின தாளுக்கு இது பத்தாது, பின்னால பார்க்கணும்னு நீங்களே உள்ள ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கீங்க. பின்னால எங்க பார்த்தீங்க? நீங்க போன ஆறாம் மாசம் வாரங்கல்ல காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு, உங்களைப் பார்த்தது கூட இல்லை, அந்தக் குறிப்பைப் படிச்சுட்டுத் திருத்தி அனுப்பியிருக்கா. நாலு வரி. ஃபரீத் அதைச் சேர்த்து இன்டர்நெட்ல வச்சும் ஆச்சு. யார் வேணா எடுத்துக்கலாம்.

யாதய்யா விரல் போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே மருந்து இருந்திருக்கு. பெட்டி பூட்டியிருந்துது. இதுக்காகத்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா அந்த மெயில்களை எழுதினீங்களா? இதை ஒருதரம், ஒரே ஒருதரம், எனக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா? சுதந்திரம், உரிமைன்னு பேசினீங்களே ஒழிய, மாத்திரைச் சீட்டுன்னு பேசலையே. இல்லை, நீங்க சொல்லி நான்தான் பாதியில அடுப்பைப் பார்க்கப் போயிட்டேனா? இப்ப யார்கிட்ட கேக்க?

சரி, கேஸ் போடலாம்னா, புரோகிராம் யாருக்குச் சொந்தமோ அவங்கதான் கேக்க முடியுமாம். நீங்க இல்லாததால நான். அதுக்கு வாரிசுச் சான்றிதழ் வேணும். தாலுகா ஆபீஸ்ல ஒரு கிளார்க்கு, பென்ஷனுக்கா, வீட்டுக்கான்னு கேட்டார். புரோகிராமுக்குன்னேன். அந்தச் சொத்து எங்க இருக்குன்னார். எல்லார்கிட்டயும் இருக்குன்னேன். எல்லார்கிட்டயும் இருக்கிறதுக்கு நீ எப்படிம்மா வாரிசுன்னு தெலுங்குல கேட்டு, சிரிச்சு, பக்கத்து டேபிள்காரரைக் கூப்பிட்டுச் சொல்லி அவரையும் சிரிக்க வச்சார். நாலு நாள் லீவு போட்டு அலைஞ்சேன். கடைசியில "இதர அசையும் சொத்து"ன்னு எழுதிக் கொடுத்தாங்க. உங்க மூச்செல்லாம் அந்த மூணு வார்த்தையில அடங்கிப் போச்சு.

கம்பெனிக்கு முதல் மெயில் ஃபரீத்தான் எழுதினார். உங்க மாதிரியே மரியாதையா. ஒரு மாசம் கழிச்சுப் பதில் வந்துது. இது முழுக்க எங்க ஆளுங்க எழுதினது, PILAI ங்கிறது எங்ககிட்ட முன்னாடி வேலை பார்த்த மிஸ்டர் பிள்ளைங்கிற இன்ஜினியர் பேர், அந்தப் பகுதியை எழுதினவர் அவர்தான்னு இருந்துது. படிச்சுட்டுச் சிரிச்சேன். நீங்க போனப்புறம் அப்படி வாய்விட்டுச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

நேர்ல போனோம், நானும் ஃபரீத்தும். நாச்சாரத்துல தொழிற்பேட்டைக்குள்ள, ஒரு பெயின்ட் கம்பெனிக்குப் பின்னாடி. மேனேஜர் உங்க விருதுநகர்ப் பக்கத்து ஆளு, சாத்தூர். என்னைப் பார்த்ததும் தமிழ்ல ஆரம்பிச்சார். வாங்கம்மா, நாமெல்லாம் பிளைக்க வந்தவங்க, நமக்குள்ள எதுக்கு வம்புன்னார். காப்பி வந்துது, குடிக்கலை. மிஸ்டர் பிள்ளை எங்கன்னு கேட்டேன். அமெரிக்கா போயிட்டாராம். நான் அந்தத் துண்டுத் தாளை எடுத்து அவர் முன்னால வச்சேன்.

"இதை நீங்களே வாசிங்க சார்."

"பிளை ஏளு," ன்னார். அடுத்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திட்டார். அவருக்கும் உங்க ஊர் நாக்குதானே. அது வாயில வந்த மாத்திரத்துல, பிள்ளை இல்லை, பிழைன்னு அவருக்கு அர்த்தம் தெரிஞ்சுபோச்சு.

அதுக்கப்புறம் பிள்ளை பேச்சே வரலை. ஆனா மனுஷன் கெட்டிக்காரர். சட்டுனு குரலைத் தாழ்த்திட்டார். சார் பெரிய ஆளும்மா, அவர் பேரை எங்க ஹால்ல பொறிச்சு வைக்கிறோம்னார். உங்க ஆஸ்பத்திரி மெஷின் நாலையும் நாளைக்கே ஆள் அனுப்பிச் சரி பண்றோம்னார். அதுக்கு ஒரு சின்னக் கையெழுத்து. இந்தப் புரோகிராமை கம்பெனி எந்த நிபந்தனையும் இல்லாம வச்சுக்கலாம், சோர்ஸ் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லைன்னு நான் சம்மதிக்கிற பேப்பர். எழுதி ரெடியா வச்சிருந்தார்.

ஃபரீத் என் பக்கம் குனிஞ்சு, "நக்கோ பாபி," ன்னார். வேண்டாம்னு அவ்வளவுதான் சொன்னார்.

நான் பேப்பரைப் பையில போட்டுக்கிட்டு, ரெண்டு நாள் டைம் கேட்டுட்டு வந்தேன். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். கையெழுத்து போடறதுன்னுதான் வந்தேன். பஸ்ல அதையே நினைச்சுக்கிட்டு வந்தேன். எனக்கு உங்க சுதந்திரம் வேண்டாம், பலகையில பேர் வேண்டாம், நாளைக்குக் காலையில என் கவுண்டர்ல ஒகட்டின்னரன்னு முழுசா ஒரு சீட்டு வந்தா போதும். கேஸுன்னு போனா எத்தனை வருஷமோ. அதுவரைக்கும் இன்னும் எத்தனை பேர் காலோ. செத்துப்போனவர் கொள்கைக்காக உயிரோட இருக்கிறவங்களைக் காக்க வைக்கிறதான்னு ஃபரீத்கிட்ட கேட்டேன். அவர் கோபமா இறங்கிப் போனது எனக்குத் தெரிஞ்சுது.

மறுநாள் யாதய்யா கட்டு மாத்த வந்திருந்தார். அவர்கிட்ட ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்துது. கேஸுக்காக நாங்க பார்த்த வக்கீல் சொல்லாதீங்கன்னு சொன்ன விஷயம். தப்பு முதல்ல உங்க புரோகிராம்லதான் இருந்துதுன்னு வெளிய தெரிஞ்சா, கம்பெனி பழியை நம்ம தலையில கட்டும், வாயைத் திறக்காதீங்கன்னு சொல்லியிருந்தார். என்னால முடியலை. நாலு பேர் முன்னாடி திட்டின அதே கவுண்டர்ல நின்னு, நாலு பேர் முன்னாடி சொன்னேன். உங்க மேல தப்பில்லை யாதய்யா, சீட்டுதான் தப்பு, அந்தச் சீட்டை எழுதற புரோகிராம் என் வீட்டுக்காரர் எழுதினது, அவர் இப்ப இல்லை, மன்னிச்சுக்கங்கன்னேன். அவர் என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். திட்டுவார்னு காத்திருந்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நாளையிலேர்ந்து சரியா வரும், கம்பெனி ஆள் வந்து சரி பண்ணப் போறார்னு சொன்னேன். நல்லதுன்னு தலையாட்டினார். ரெண்டு எட்டு நொண்டி நடந்துபோனவர் திரும்பி வந்தார்.

"எங்க தம்பி காஞ்சன்பாக் பக்கத்துல வேற ஆஸ்பத்திரிக்குப் போறான் மேடம். அவனுக்கும் இதே மாதிரிச் சீட்டுதான் தர்றாங்க. அவனுதும் நாளைக்குச் சரியாயிடுமா?"

அங்கேயே, வரிசை நின்னுக்கிட்டிருக்கும்போதே, மேனேஜருக்கு போன் போட்டேன். இந்த மெஷின் இன்னும் எத்தனை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு, அங்கெல்லாமும் சரி பண்ணுவீங்களான்னு கேட்டேன். அவர் சொன்னார், "அவங்க யாரும் கேக்கலையேம்மா."

அவங்களுக்குக் கேக்கணும்னு எப்படித் தெரியும்? வார்த்தை முழுசாத்தானே நிக்குது. நான் அந்தப் பேப்பரைக் கிழிக்கலை, சினிமா மாதிரி ஒண்ணும் செய்யலை. கையெழுத்து போடாம மடிச்சு, கூரியர்ல திருப்பி அனுப்பினேன். கூடவே வக்கீல் நோட்டீஸ்.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நல்ல சேதி இல்லை. கம்பெனி எங்க ஆஸ்பத்திரிக்கு சர்வீஸையே நிறுத்திடுச்சு. தாள் ரோல் கூட வர்றதில்லை, நாலு மெஷினும் மூலையில கிடக்கு. சூப்பரின்டென்டென்ட் என்னைக் கூப்பிட்டு, உங்க குடும்பப் பிரச்சினையை ஏன்மா இங்க கொண்டு வர்றீங்கன்னு கேட்டார். மருந்து கவுண்டர்ல எல்லாச் சீட்டும் திரும்பக் கைதான், கூட வேலை பாக்கிற பொண்ணுங்க என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறாங்க. அவங்க மேல என்ன தப்பு? காஞ்சன்பாக் ஆஸ்பத்திரிக்கும் நாங்க விசாரிச்சுக் கண்டுபிடிச்ச மத்த ரெண்டு இடத்துக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒரு இடத்துல நன்றின்னாங்க. ஒரு இடத்துல வாட்ச்மேனைத் தாண்ட முடியலை. ஒரு இடத்துல, நீங்க போட்டி கம்பெனியான்னு கேட்டாங்க. யாதய்யா தம்பி வீட்டுக்குப் போய் அவன் சீட்டையும் டாக்டர் எழுதினதையும் வச்சுப் பார்த்தேன். அவனுக்கு டாக்டர் எழுதினதும் ஒண்ணேதான், வெட்டுப்படலை. அந்த வீட்டுலயே உக்காந்து ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சேன்.

மூடி வச்ச துணியை எடுத்துட்டேன். யாழினி உங்க ஃபைல்களைத் திறந்து காட்டினா. ஒவ்வொண்ணுலயும் மேல ஒரே விஷயம் எழுதியிருக்கு. இந்தப் புரோகிராம் பயன்படும்னு நம்பிக் கொடுக்கிறேன், ஆனா எந்த உத்தரவாதமும் கிடையாதுன்னு. லைசென்ஸுன்னா எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்களாம், ஃபரீத் சொன்னார், அது தப்பில்லையாம். எனக்கு அதைப் படிச்சதும் ஆத்திரமா வந்துது. உத்தரவாதம் கிடையாதுன்னு எழுதி வச்சுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. கம்பெனிக்காரனும் தரலை. வெட்டுப்பட்ட சீட்டைக் கையில வாங்கிட்டுப் போறவங்க கவுண்டர்ல நிக்கிற என் முகத்தைத்தானே பார்க்குறாங்க?

நாளைக்கு கோர்ட்ல முதல் நாள். எதிர் வக்கீல், இந்தத் தப்பு இவங்க வீட்டுக்காரர் செஞ்சதுன்னு சொல்லுவார். ஆமான்னு சொல்லப் போறேன். அவர் செஞ்சார், தப்புன்னு தானே எழுதியும் வச்சார், யாரோ ஒரு பொண்ணு அதைப் படிச்சுத் திருத்திக் கொடுத்தா, திருத்தினதை உள்ள விடாம பூட்டினது யாருன்னு கேக்கப் போறேன். எத்தனை வாய்தா போட்டாலும் போறேன். அந்தப் பெட்டி எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் ஒகட்டின்னர முழுசா வர்ற வரைக்கும் விடப் போறதில்லை. இது உங்களுக்காக இல்லை, சும்மா பெருமைப்பட்டுக்காதீங்க. ஆனா நீங்க கொடுக்காத உத்தரவாதத்தை நான் கொடுக்கிறேன்.

உங்க வீட்டுக்காரி,
யாழினி அம்மா,
பகவதி